வெள்ளவத்தையில் ஒரு கீற்று வெயில்

ஒரு கம்பளத்தைத் தடுத்து நிறுத்துவதற்காக என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

சென்னையில் நான் வேலை பார்க்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகம் வெள்ளவத்தையில் ஒரு பள்ளிவாசலை வரைந்து கொடுத்திருந்தது. பழைய பள்ளியை இடித்த அதே மனையில் புதியது எழும்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையோடு திறப்பு என்று முடிவாகியிருந்தது. அந்த வாரம் பார்த்து அங்கிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மண்டப வாசலில் உருட்டி வைத்த பச்சைக் கம்பளங்கள்.

"விரிக்கப் போறாங்க. அதுவும் கோணலா விரிக்கப் போறாங்க. தரையை வரைஞ்சது நீதானே, நீயே போய்ப் பேசு," என்றார் எங்கள் மேடம். கோபம் ஏற ஏற அவருக்குக் குரல் தணியும். அன்று உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

கோணல் கம்பளம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையின் ஒழுங்கைகள், அதாவது சந்துகள், காலி நகருக்குப் போகும் காலி வீதியிலிருந்து நேரே கடலுக்கு இறங்குகின்றன. வீட்டு மனைகளும் கடலைப் பார்த்துச் சதுரமாகக் கிடக்கின்றன. ஆனால் கிப்லா, அதாவது தொழும்போது முகம் வைக்க வேண்டிய மக்காவின் திசை, கடலுக்கு நேராக இல்லை. கடலைப் பார்த்து நின்று, வலப்பக்கமாக நன்றாகவே திரும்ப வேண்டும். அதனால் இம்மாதிரி மனைகளில் சதுரமாகப் பள்ளி கட்டிவிட்டு, உள்ளே கம்பளத்தை மட்டும் கோணலாகப் போட்டுக்கொள்வது உலகம் முழுக்க நடப்பதுதான். மூலைகளில் முக்கோணமாக இடம் வீணாகும். புதிதாக வருகிறவர் எந்தப் பக்கம் நிற்பதென்று ஒரு கணம் விழிப்பார்.

நாங்கள் மண்டபத்தையே திருப்பிவிட்டோம். யோசனை எங்களுடையதல்ல, கெய்ரோவின் நெருக்கமான தெருக்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். வெளிச்சுவர் தெருவுக்கு அடங்கி நிற்கும், உள்ளே தொழும் இடம் கிப்லாவுக்குத் திரும்பிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மிஞ்சுகிற ஆப்பு வடிவத்தைச் சுவரின் கனமே விழுங்கிவிடும். எங்கள் சுவர் ஒரு முனையில் ஒரு முழம்தான். மறுமுனையில் பெண்கள் மாடிக்கு ஏறும் படிக்கட்டும் குர்ஆன் அலமாரிகளும் சுவருக்குள்ளேயே அடங்கிவிட்டன. குப்பா என்கிற குவிமாடம் இல்லை. குப்பா இல்லாமல் பள்ளியா என்று கேட்பவர்கள் எங்கள் கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் ஒருமுறை வந்து போகலாம். தட்டைக் கூரையும் கல்தூண் வரிசையுமாக அங்கே நிற்கும் பள்ளிகளின் அழகை மிஞ்ச எந்தக் குப்பாவாலும் ஆகாது. சென்னை மண்ணடியில் பிறந்தவளானாலும் எனக்கு இதில் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் உண்டு.

தரை என்னுடையது. மெருகேற்றிய மொசைக். தொழுகை வரிசைகளுக்குக் கறுப்புக் கோடுகள், அவற்றை நடுவில் செங்குத்தாக வெட்டி, இமாம் நிற்கும் மாடமான மிஹ்ராபுக்கு ஓடும் ஒரே ஒரு பித்தளைப் பட்டை. ஒரு வருட வேலை. அதன்மேல்தான் பச்சைக் கம்பளம்.

முதல் நாள் காலை வெள்ளவத்தையில் மனோ அன்ரி வீட்டில் பெட்டியை வைத்தேன். மேடத்தின் கல்லூரித் தோழிக்கு அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காலி வீதிக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடியில் குடியிருப்பவர். வாசலிலேயே சட்டத்தை வாசித்தார்.

"பிள்ளை, இது சைவ வீடு. மச்சம் சாப்பிடுறதெண்டால் வெளியில சாப்பிட்டுட்டு வாரும். நான் ஒண்டும் நினைக்க மாட்டன். ஆனால் அது நல்லா இருந்ததெண்டு இஞ்ச வந்து கதைக்கக் கூடாது."

மச்சம் என்றால் இவர்கள் பேச்சில் மீனும் இறைச்சியும். தலையாட்டினேன். பிறகு இடியப்பமும் சொதியும் வந்தன. எங்கள் வீட்டில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும். இங்கே அதே தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சைமிளகாயும் எலுமிச்சைப் புளியும் விட்டு, குடிக்கலாமா ஊற்றிக்கொள்ளலாமா என்று தெரியாத பதத்தில் ஒன்றைச் செய்கிறார்கள். இரண்டும் செய்தேன். மச்சத்தின் நினைவே வரவில்லை.

பள்ளிக்கு நடந்தே போனேன். காலி வீதியில் இரண்டு பக்கமும் சேலைக் கடைகள், நகைக் கடைகள், காய்கறித் தட்டுகள். தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளருக்கு மூச்சு விடாமல் சிங்களத்துக்கு மாறுகிறார், மீதிச் சில்லறை கொடுக்கையில் ஆங்கிலத்தில் நன்றி சொல்கிறார். கடல்பக்க ஒழுங்கையில் திரும்பியதும் பள்ளி தெரிந்தது.

இரண்டு வருடமாகக் கணினித் திரையில் பார்த்த ஒன்று, ஒருநாள் வெயிலில் நிழல் போட்டுக்கொண்டு முன்னால் நிற்கிறது. என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை. சுட்ட மண் சல்லடைச் சுவர், நட்சத்திரம் நட்சத்திரமாக. அதற்குள் புகுந்து வரும் கடற்காற்று. உள்ளே போனால், தெருவிலிருந்து பார்த்த சதுரம் மெல்ல உடம்பைத் திருப்புகிறது. திரும்புவது தெரியாமலே நாம் திரும்பிவிடுகிறோம். காகிதத்தில் நாங்கள் நம்பியது அதுதான். நடந்து பார்த்தபோது நிஜமாகவே நடந்தது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

"தங்கச்சி, சிரிச்சி முடிச்சிட்டு வாங்க, ஹாஜியார் வந்தீக்கிறாரு," என்றார் ஃபாஸில் நானா. கட்டுமானத்தைக் கவனித்த எஞ்சினியர். நானா என்றால் இங்கே அண்ணன். தொலைபேசியில் பழகிய குரல். ஹாஜியார்தான் பள்ளி நிர்வாக சபைத் தலைவர், காலி வீதியில் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர், கம்பளத்தைத் தம் செலவில் வரவழைத்தவரும் அவரே. ஃபாஸில் நானா குரலைத் தாழ்த்தி எச்சரித்தார்: "நல்ல மனிசன். கோவம் வந்தா ஏச மாட்டாரு, டீ குடுப்பாரு. ரொம்பக் கோவம்ன்டா கேக்கும் வரும்."

டீ வந்தது. பின்னாலேயே பட்டர் கேக்கும் வந்தது, பெரிய துண்டாக.

"சாப்பிடுங்க மகள்," என்றார் ஹாஜியார். வெள்ளைச் சட்டை, மெலிந்த முகம். "கட்டடம் ஷோக்கா ஈக்குது. அதுல ஒரு கொறயும் சொல்லல்ல. ஆனா எங்கட வாப்பாட காலத்துல இருந்து இந்த எடத்துல கடலப் பாத்துத்தான் தொழுதம். நீங்க எங்களத் திருப்பி வெச்சீக்கிறீங்க. எங்க திருப்பி? பம்பலப்பிட்டிக்கு. மக்காவுக்குத் தொழுறதா, பம்பலப்பிட்டிச் சந்திக்குத் தொழுறதா?"

பம்பலப்பிட்டி கரையோரமாக வடக்கே அடுத்த பேட்டை. பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கிப்லா கணக்கு, பூமியின் வளைவு என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேக் இன்னொரு துண்டு வைத்தார். கம்பளத்தைப் பழைய திசையிலேயே விரிக்கப் போவதாகச் சொன்னார். கோணலை ஒழிக்கவென்று திருப்பிய மண்டபத்துக்குள் கோணல் கம்பளம். இப்படி ஒரு பள்ளி உலகத்தில் எங்கேயும் இருந்திருக்காது.

வழியைக் காட்டியது கூட இருந்த பள்ளி இமாம், ஓர் இளம் மௌலவி. மிஹ்ராபுக்கு மேலே சுவரில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, கூரை வரை உயரமாக ஒரு கீற்று விட்டிருந்தோம். மேடத்தின் ஆசை அது. பழைய காலப் பள்ளிகளில் நேரம் பார்க்கவென்றே ஆள் இருந்து, முற்றத்து நிழல்களை அளந்துகொண்டிருப்பார்களாம். அந்த மரபுக்கு ஒரு சின்ன வணக்கம். வருடத்தில் இரண்டு முறை, மே கடைசியிலும் ஜூலை நடுவிலும், மக்காவின் நடுப்பகலில் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் வேறு ஊரில் நின்று சூரியனைப் பார்ப்பவர் கஃபாவின் திசையைப் பார்க்கிறார். கொழும்பில் அது பிற்பகல் மூன்றாவதற்குச் சற்று முன்பு. அப்போது கீற்று வழியே நுழைகிற வெயில் பித்தளைப் பட்டையின் மேலேயே நீளமாகப் படுத்தால் மண்டபம் சரி. பட்டையைச் சாய்வாக வெட்டினால் தவறு.

"அந்த நாள் இந்தக் கிழமதான் வருது, ஹாஜியார்," என்றார் மௌலவி. "நாளண்டைக்கும் அதுக்கு மறுநாளும் பாக்கலாம். எல்லாரையும் வரச் சொல்லுவம்."

ஹாஜியார் கீற்றை அண்ணாந்து பார்த்தார். "சுவர் இவங்கட. கீத்தும் இவங்கட. ஆனா சூரியன் இவங்கட இல்ல. சரி. விழுந்தா கம்பளம் வாணாம். விழல்லன்டா வெள்ளிக்கெழமைக்கு முந்தி விரிக்கிறது. பொறகு கத இல்ல மகள்."

அப்படி என் ஒரு வருட வேலை சூரியன் கைக்குப் போயிற்று. எனக்குத் துளியும் பயமில்லை. பயம் மறுநாள்தான் வந்தது.

மறுநாள் என் வேலை கொட்டாஞ்சேனையில். பித்தளைப் பட்டை அங்கே ஒரு பட்டறையில் துண்டுகளாகத் தயாராகிக் கிடந்தது. தரையில் அதற்கான காடிப் பள்ளம் வெட்டியாகிவிட்டது, பதிக்க வேண்டியதுதான் பாக்கி. கோட்டை ஸ்டேஷனுக்குக் கோச்சியில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கச் சொன்னார் மனோ அன்ரி. கோச்சி என்றால் ரயில். வெள்ளவத்தை ஸ்டேஷன் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அலை தெறித்துவிடுமோ என்று தோன்றுகிற அளவுக்கு. ஒரு கோச்சி வந்தது, ஏறினேன். கதவோரம் நின்றேன். வலப்பக்கம் முழுக்கக் கடல். காற்று, உப்பு, தண்டவாளத்தோரம் கிரிக்கெட். மனம் துள்ளியது. வடக்கே போய்க்கொண்டிருக்கிறேன், கடல் வலப்பக்கம், உலகம் அதன் இடத்தில் இருக்கிறது.

கல்கிசை தாண்டியதும் கடல் காணாமல் போனது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கோட்டை எப்போது வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் அருகிலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள், அவர் பதிலுக்கு ஒன்று சொன்னார். பெட்டி முழுக்கச் சிரிப்பு பரவியது. பிறகு எனக்கு மொழிபெயர்த்தாள்: "கோட்டை வரும், உலகத்தைச் சுற்றி வந்தால் வரும் என்கிறார். இப்போதைக்கு இரத்மலானையில் இறங்கிக்கொள்."

இரத்மலானை நடைமேடையில் நின்றபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. சென்னைக்காரிக்குக் கடல் என்றால் கிழக்கு. மெரினாவில் வடக்கே போகும் பஸ்ஸில் கடல் வலக்கைப் பக்கம். பிறந்ததிலிருந்து உடம்பு கற்ற கணக்கு அது. கொழும்பில் கடல் மேற்கு. கடல் வலப்பக்கம் இருந்தால் நீங்கள் தெற்கே போகிறீர்கள்.

உடனே அடுத்த எண்ணம். இதே உடம்புதான் அந்தத் தரையை வரைந்தது. கிப்லா கோணம் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று. கொழும்பில் இன்னும் கொஞ்சம் வடக்கே திரும்ப வேண்டும். எங்கள் அலுவலகம் அதற்கு முன் வரைந்தது சென்னையில் ஒரு பள்ளி. அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துத்தான் வெள்ளவத்தையைத் தொடங்கினேன். கோணத்தை மாற்றினேனா?

மேடத்தை அழைத்தேன். "மேடம், வெள்ளவத்தைக்குக் கோணம் எதை வைத்துப் போட்டோம்?"

"நீ போட்டது. என்னைக் கேக்கிறே?" குரல் தணிந்திருந்தது.

திரும்பும் கோச்சியில், இம்முறை கடல் இடப்பக்கம் வர, கைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண் கொழும்பின் எண்தான். மூச்சு வந்தது. அடுத்த ஸ்டேஷனுக்குள் அதுவும் போயிற்று. எண் சரி, அதை மனையில் எந்த வடக்கிலிருந்து அளந்தார்கள்? காந்த முள்ளின் வடக்கா, நிஜ வடக்கா? முள் பக்கத்தில் இரும்புக் கம்பிக் கட்டு ஏதாவது கிடந்ததா? ஃபாஸில் நானாவிடம் கேட்டதற்கு, "தங்கச்சி, அளந்தது எனக்கு முந்தி ஈந்த ஆள். அவரு இப்ப டுபாய்ல. போன் எடுக்கிறாரில்ல," என்று வந்தது பதில்.

கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை பஸ் புறக்கோட்டை நெரிசலில் ஊர்ந்தது. சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாகப் போட்ட பழைய பள்ளி ஒன்றின் மாதுளைக் குமிழ்கள் ஒரு சந்தின் முனையில் எட்டிப் பார்த்தன. வேறு நாளென்றால் குதித்து இறங்கியிருப்பேன். கொச்சிக்கடையில் பெரிய தேவாலயத்தின் வாசலில் மெழுகுவர்த்திக் கூட்டம். துறைமுக லாரிகள் வழிவிட மறுத்தன. கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறி இருந்தது. ஒரு சைவக் கடையில் உளுந்து வடையும் பிளேன் டீயும் சாப்பிட்டுக் கொஞ்சம் மனிதத்தன்மை அடைந்தேன்.

பட்டறைக்காரர் செல்வராஜ் அண்ணன், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். அம்மன் கோயிலுக்கான திருவாசி ஒன்றின் பக்கத்தில் எங்கள் பட்டைகள் சாய்ந்து நின்றன. இரண்டும் ஒரே பளபளப்பு.

"ஏம்மா, இதுக்கு மேல் பக்கம் எது, கீழ் பக்கம் எது?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே."

"அப்ப எங்க பயலுவ தப்பே பண்ண முடியாது," என்றார் நிம்மதியாக. "எந்தத் திசையில வைக்கணுமின்னு மட்டும் எங்களக் கேக்காதீங்க. அது உங்க தலவலி."

அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அன்று என் தலையில் வேறொன்றும் இல்லை என்று.

பட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல். பஸ்ஸில் ஏற்ற முடியாது, த்ரீவீல் ஆட்டோவில் குறுக்காக வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓட்டுநர் ஒரு சிவப்புத் துணியை முனையில் கட்டி, நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சைகை செய்தார். மருதானையில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். சிங்களத்தில் நீண்ட வாக்குவாதம். பள்ளிக்குப் போகிறது, பாவம் இந்தப் பிள்ளை இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாள் என்பது மட்டும் விளங்கியது. போலீஸ்காரர் பட்டையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிக் கையை அசைத்தார். வெள்ளவத்தை வந்து இறங்கும்போது ஓட்டுநர் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "பள்ளிக்குப் போகுது சரி, ரோட்டில போற ஆளை முந்தி சொர்க்கத்துக்கு அனுப்பாதே, அப்பிடிச் சொன்னார்."

மூன்றாம் நாள் மழை. தென்மேற்குப் பருவம் வாசலுக்கு வந்துவிட்டது. காலையில் பட்டைகளைக் காடியில் பதித்தோம். ஃபாஸில் நானா நூல் பிடிக்க, நான் முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து துடைத்தேன். ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்ல வேண்டும். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்க, சல்லடைச் சுவர் காற்றை மட்டும் உள்ளே விட்டது. மண் கட்டிகளை வெளிப்பக்கம் சாய்த்துச் சுட்டிருந்ததால் தண்ணீர் தெருவுக்கே வழிந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

பிற்பகல் பத்துப் பதினைந்து பேர் குடையோடு வந்தார்கள். மூன்று மணி ஆயிற்று, தாண்டியது. கீற்றில் சாம்பல் நிறம் தவிர ஒன்றுமில்லை. "சூரியனும் லீவு," என்று ஒருவர் எழுந்து போனார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஹாஜியார் மட்டும் உருட்டிய கம்பளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். டீ சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நானும் பக்கத்துத் தூணில் சாய்ந்தேன்.

"பழைய பள்ளில கம்பளம் ஒண்டும் இல்ல, மகள்," என்றார் திடீரென்று. "சீமெந்துத் தர. ஒவ்வொரு நோன்புக்கும் முந்தி வாப்பா பச்சப் பெயின்ட் வாங்கி, கயிறு கட்டி, தன்ட கையாலதான் கோடு போடுவாரு. கடலுக்கு நேரா. வேற ஆளத் தொட விட மாட்டாரு. மையத்தாகி எங்கள விட்டுப் போற வருசமும் போட்டாரு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒங்கட கோடு சரின்டா, அவருட கோடு என்னா? அவரு தொழுத தொழுக? அந்தக் கோட்டுல நிண்ட அவ்வளவு பேர்ட தொழுக?"

இரண்டு நாளாக நான் தரைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாப்பாவுக்காக. சாயங்காலம் சொதியைக்கூடக் கலக்கிக்கொண்டே இருந்தேன். "என்ன பிள்ளை, கோட்டை சரிஞ்ச மாதிரி இருக்கிறீர்," என்றார் மனோ அன்ரி. நாளை வெயில் வருமா என்று கேட்டேன். "இஞ்ச வானத்தை நம்பி உடுப்புக் காயப்போடவே ஏலாது," என்றார்.

நான்காம் நாள் காலையில் அவர் உடுப்புக் காயப்போட்டதைப் பார்த்தேன். அவ்வளவு வெயில்.

பிற்பகல் பள்ளி நிறைந்துவிட்டது. கடைகளை அடைத்துவிட்டு வந்தவர்கள், சீருடையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாடியில் பெண்கள். எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பம்கூட வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றலாமா என்று தயங்கி நின்றது. மௌலவி அவர்களை உள்ளே அழைத்தார். பட்டையின் இரண்டு பக்கமும் கூட்டம் பிளந்து உட்கார்ந்தது. ஹாஜியார் மிஹ்ராபுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு.

இரண்டரை மணி வாக்கில் வெயில் கீற்றுக்குள் தெளிவாக நுழைந்தது. மெல்லிய ஒரு பொன்கோடு தரையில் நீண்டு விழுந்தது. பட்டையின் மேலல்ல. இடப்பக்கம், ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்வாக.

"விழல்லயே," என்றது ஒரு குரல்.

"இன்னும் நேரம் ஈக்குது," என்றார் ஃபாஸில் நானா. அவர் என்னைப் பார்க்கவில்லை. இரத்மலானை எனக்கு நினைவு வந்தது. வெயில் வலப்பக்கமாக நகர வேண்டும். நகர்கிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தால் எதுவும் நகர்வதாகத் தெரிவதில்லை. ஒரு பையன் கோட்டின் ஓரத்தில் விரலை வைத்தான், அவன் உம்மா மாடியிலிருந்து அதட்டினாள்.

அப்போது மேகம் வந்தது. தரையிலிருந்த கோடு மங்கி, அழிந்தே போயிற்று. கூட்டம் முழுக்கத் தலையைத் தூக்கிக் கீற்றைப் பார்த்தது. யாரோ கடைசி வரிசையில் எழுந்தார், பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். நிமிடங்கள் போயின. மௌலவி கைக்கடிகாரத்தைப் பார்த்து, மெதுவாக, "இப்ப மக்காவுல நடுப்பகல் பாங்கு சொல்லுவாங்க," என்றார்.

வெயில் வந்தது. அழிந்த இடத்தில் அல்ல. பித்தளையின் மேல்.

பட்டை முனையிலிருந்து முனை எரிந்தது. ஒரு பக்கமும் சாயவில்லை, ஒரு விரல்கூட வழுவவில்லை. பித்தளையில் பட்ட வெளிச்சம் தெறித்துக் கூரைவரை ஏறியது, உட்கார்ந்திருந்தவர்களின் தாடையெல்லாம் கீழிருந்து மஞ்சளாக ஒளிர்ந்தது. "அல்லாஹு அக்பர்" என்று ஒருவர் சொன்னார், உடனே மண்டபமே சொன்னது. ஃபாஸில் நானா என் பக்கம் திரும்பி, முதல் முறையாக, நான் முதல் நாள் சிரித்தது போலவே சத்தம் போட்டுச் சிரித்தார். டுபாய்க்குப் போன அந்த மனிதர் எந்த வடக்கை எடுத்திருந்தாலும் அவருக்கு என் சலாம். எனக்குக் கால் தரையில் இல்லை. நான் வரைந்த கோட்டின்மேல் சூரியன் வந்து படுத்திருக்கிறது, இதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்?

பிறகு எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள்.

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். வெயில் பித்தளையிலேயே நின்றுகொண்டிருந்தது. "ஹஸரத்," என்றார் மௌலவியிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே. "அப்ப எங்கட வாப்பா?"

மௌலவி பட்டையைத் தாண்டி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். "ஒங்கட வாப்பா தனக்குத் தெரிஞ்ச அளவுக்குத் தேடி, இதான் கிப்லான்டு நம்பி நிண்டாரு. தேடி நிண்டவர்ட தொழுகயில கொற ஒண்டும் இல்ல, ஹாஜியார். அல்லாஹ் அவர்ட உள்ளத்தப் பாத்தீப்பான். அவரு இண்டைக்கு ஈந்தா என்ன செஞ்சீப்பாரு?"

ஹாஜியார் தரையைப் பார்த்தார். வாய் கோணியது. அழப் போகிறாரோ என்று பயந்தேன். "பெயின்டும் கயிறும் எடுத்துட்டு வந்தீப்பாரு," என்றார். "இந்த வயசுலயும்."

கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எனக்கு அப்போதுதான் சொல்லத் தோன்றியது. வெளிச்சுவரைக் காட்டினேன். "ஹாஜியார், தெருப் பக்கத்துச் சுவர் இன்னும் கடலுக்கு நேராத்தான் நிக்குது. உங்க வாப்பா நின்ன திசையில. அதை நாங்க திருப்பல. உள்ளேதான் திரும்பினோம்."

அவர் கனத்த சுவரை உள்ளிருந்து ஒருமுறை பார்த்தார், கீற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அத மொத நாளே சொல்லீக்கலாமே மகள். ஒரு கேக் மிஞ்சியீக்கும்."

கம்பளங்களை இளைஞர்கள் தோளில் தூக்கினார்கள். மேலே பெண்கள் மாடியில் வெறும் சீமெந்துதான், அங்கே கொண்டுபோய் விரிக்கச் சொன்னார் ஹாஜியார். சரியான திசையில். விரிக்கும்போது நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

பிற்பகலின் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. சுவருக்குள் ஓடும் படிக்கட்டில் ஏறிப் பெண்களோடு மாடியில் நின்றேன். கீழே, ஈரத்துணியால் துடைத்த தரையில் திறப்புக்கு முன்பே முதல் ஜமாஅத் கூட்டுத்தொழுகைக்கு எழுந்தது. வழக்கமாக வரிசை கட்ட ஒரு களேபரம் நடக்கும், முன்னே வா, பின்னே போ என்று. இங்கே ஆட்கள் வந்து நின்ற மாத்திரத்தில் கறுப்புக் கோடுகள் மறைந்து வரிசைகளாயின. மாடித் தடுப்பின் சல்லடை வழியே பார்த்தேன். முதல் வரிசையில் ஹாஜியார் தலையைக் குனிந்து, குதிகாலைக் கோட்டில் பதித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை பதித்து, திருப்தியில்லாமல் ஒரு விரற்கடை பின்னே இழுத்து, மறுபடி பதித்தார். பிறகு பக்கத்தில் நின்றவரின் முழங்கையைப் பிடித்தார்.

"மச்சான், கொஞ்சம் பின்னுக்கு வாங்க," என்றார். "கோட்டுல நில்லுங்க."